அரியர் இல்லாத ஒரு பரீட்சை



"ஏண்டா, இதெல்லாம் எதுக்குடா உதவும்?"

போன சித்திரையில் என் அம்மா கேட்ட கேள்வி இது. வாசலில் உட்கார்ந்து சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, பி.வி.சி. பைப் துண்டு, தகர டப்பா எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒரு கொக்கு செய்துகொண்டிருந்தேன். காற்றடித்தால் அது சிறகடிக்க வேண்டும். வேடந்தாங்கல் போகிற கொக்குகளைப் பார்த்து வந்த ஆசை. அம்மா கட்டட வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். கையில் ஒட்டிய சிமெண்ட்டைக்கூட இன்னும் கழுவவில்லை. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா மாமல்லபுரம் சிற்பப் பட்டறை ஒன்றில் கல்லுக்கு மெருகு போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். உங்களில் பல பேருக்கும் இதே கதைதான். வாங்குகிற ஒவ்வொரு நோட்டுக்கும் வீட்டில் கணக்கு உண்டு. நமக்கெல்லாம் பொழுதுபோக்கு ஒரு கேடா, அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு என்று இப்போது சொல்கிறேன்.

அசையும் சிற்பம் நமக்குப் புதிதா? சின்ன வயதில் பனை ஓலையை மடித்து, கருவேல முள்ளைக் குத்தி, காற்றுக்கு எதிரே ஓடினோமே, அது என்ன? முள் அச்சு, ஓலை இறக்கை! எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் தஞ்சாவூர் பொம்மைக்குள் இருப்பது நாம் படிக்கும் புவியீர்ப்பு மையம்தான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் வெட்டிய சங்கிலி தொங்குகிறது. கல்லையே அசைய வைக்கப் பார்த்த ஊர் நம்முடையது. ஆனால் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு முன்னால் போட்டோ எடுப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

வெளிநாட்டில் இந்தக் கலையைப் பெரிதாக வளர்த்தவர்களில் ஒருவரான அமெரிக்காவின் அலெக்சாண்டர் கால்டர் ஓவியப் பள்ளிக்குப் போவதற்கு முன்னால், 1919-ல், மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்தவர்! கம்பியில் தகடுகளைத் தொங்கவிட்டு, காற்றில் தானாக ஆடும் 'மொபைல்' சிற்பங்களைச் செய்தார். 1955-ல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத்துக்கே வந்து, அங்கே தங்கிச் சிற்பங்கள் செய்திருக்கிறார். நெதர்லாந்தின் தியோ யான்சன் 1990-லிருந்து கடற்கரையில் காற்றால் நடக்கும் 'மிருகங்கள்' செய்கிறார். வீட்டு வயரிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்தான் அவருக்கு எலும்பு. காற்றைச் சேமித்து வைக்கக் காலி பிளாஸ்டிக் பாட்டில்! இதெல்லாம் நம் ஊர் பழைய இரும்புக் கடையில் கிடைக்காத பொருளா?

சரி, என் கொக்குக்கு வருகிறேன். காற்றாடி சுற்றினால் கிராங்க் சுற்றும், கிராங்க் சிறகை ஆட்டும். நாம் படித்த அதே நான்கு தண்டு இணைப்பு. கிராங்க் 5 செ.மீ., இணைக்கும் தண்டு 10, சிறகுத் தண்டு 12, பலகையில் இரண்டு நிலையான துளைகளுக்கு நடுவே 20. மாட்டிச் சுற்றினேன். பாதியில் 'டக்'கென்று நின்றுவிட்டது. எண்ணெய் விட்டேன், துளையைப் பெரிசாக்கினேன், திட்டிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு நாள் தூக்கம் போச்சு.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. இருப்பதில் சின்னத் தண்டும் பெரிய தண்டும் சேர்ந்த நீளம், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. கிராஷாஃப் விதி! பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். 5-ம் 20-ம் 25. 10-ம் 12-ம் 22. எப்படிச் சுற்றும்? துளையை 16-க்கு மாற்றினேன். 21, இப்போது 22-க்குள் அடக்கம். கொக்கு சிறகடித்தது! மனப்பாடம் பண்ணிய விதி அன்றைக்குத்தான் என் கைக்குள் வந்தது.

அதோடு முடியவில்லை. மாமல்லபுரம் கடற்கரைக்கு எடுத்துப் போனேன். காற்று கொஞ்சம் திரும்பியதும் காற்றாடி நின்றுபோனது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "காலைல கரைக்காத்து, மத்தியானம் கடக்காத்து. உன் குருவிக்காக காத்து காத்திருக்குமா தம்பி? பின்னால ஒரு வால் வை, அதுவே திரும்பிக்கும்." அவர் எந்தப் பாலிடெக்னிக்கிலும் படித்தவர் இல்லை. வால் வைத்தேன், திரும்பியது.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்குத் தோற்கப் பயம். ஒரு பேப்பர் போனால் அப்பாவின் முகம் கண்முன் வருகிறது. அதனால் தப்பே வராத வழியாகப் பார்த்து, லேப் ரெக்கார்டைக் காப்பி அடித்து, விதியை ஒப்பித்துத் தப்பிக்கிறோம். தப்பு செய்து பார்க்காதவன் மெக்கானிக் ஆக முடியுமா? என் கொக்கு எத்தனை முறை தோற்றாலும் எனக்கு அரியர் விழவில்லை. நமக்கு அப்படி ஒரு பரீட்சை வேண்டும்.

"மாலையில் வேலைக்குப் போகிறோம், நேரம் ஏது?" என்பீர்கள். நியாயம்தான். இன்டர்வியூவில் கொக்கைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு ஆன மொத்தச் செலவு 140 ரூபாய். மீதியெல்லாம் சைக்கிள் கடைக்காரர் தூக்கிப் போட்டது. நேரம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்கக் கேட்க வேண்டும். ஒதுக்கிப் போடும் ஸ்கிராப்பில் மாணவர்களுக்கு என்று ஒரு பெட்டி வேண்டும். ஆண்டு விழாவில் அசையும் பொருட்களுக்கு ஒரு மேஜை போட வேண்டும். 1957-லிருந்து மாமல்லபுரத்தில் இயங்கும் அரசு சிற்பக்கலைக் கல்லூரி மாணவர்களை அதற்கு அழைக்க வேண்டும். அவர்களுக்கு உருவம் தெரியும், நமக்கு அசைவு தெரியும். சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போமே!

எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேரை நிறுத்த மட்டும் அல்ல, திருப்பவும் அந்தக் கட்டைதான். அம்மாவின் கேள்வியும் எனக்கு அப்படித்தான் ஆனது. கொக்கு இப்போது எங்கள் வீட்டு வாசல் கம்பத்தில் இருக்கிறது. நேற்று அது வால் திரும்பி நின்றதைப் பார்த்துவிட்டு அம்மா குரல் கொடுத்தார்கள்:

"டேய், காத்து மாறிடுச்சு. மழை வரும்போல இருக்கு, துணிய எடு!"

எதுக்குடா உதவும் என்று அப்புறம் அவங்க கேட்கவே இல்லை.