ஆராய்ச்சி ஊருக்குத் திரும்புக

ஒலுவிலிலே பல்கலைக்கழகம் அமைந்தது நம் கரையோரத்திற்கு வாய்த்த பெரும்பேறு. 1995 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996 இலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அக்கலைக்கூடம், நம் பிள்ளைகள் நெடுந்தொலைவு செல்லாமலே உயர்கல்வி பெற வழி திறந்தது. நம் வயலும் கடலும், பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும், குடிவழக்கும் பேச்சுவழக்கும் ஆராய்ச்சிக்குப் பொருளாயின. வினாக்கொத்து ஏந்திய இளைஞர் நம் வட்டைகளிலும் வாசல்களிலும் வந்து நிற்பது இன்று பழகிய காட்சி. இது மகிழத்தக்கதே. ஆயினும் அம்மகிழ்ச்சியினிடையே ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

சென்ற சிறுபோகத்திலே, முன்னர் என்னிடம் கற்ற விவசாயி ஒருவர் வீதியிலே என்னைக் கண்டு சலாம் கூறி நின்றார். "சேர், மூணு தரம் வந்து கேள்வி கேட்டு எழுதிட்டுப் போனாங்க. எவ்வளவு வெளச்சல், எவ்வளவு கடன், என்ன மருந்து அடிச்சீங்க எண்டெல்லாம் கேட்டாங்க. மருந்தடிச்சும் அறக்கொட்டியான் ஏன் திரும்பத் திரும்ப வருது எண்டு நான் கேட்டன். அதையும் எழுதிட்டுப் போனாங்க. மறுமொழிதான் வரல்ல" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி உலகில் இல்லையா? உண்டு. அறக்கொட்டியான் நெற்பயிரின் அடித்தண்டிலே, நீர்மட்டத்தை ஒட்டித் தங்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. பயிர் தீய்ந்தாற்போல் திட்டுத்திட்டாகக் காய்கிறது. கண்டபடி மருந்து தெளித்தால் அதனைத் தின்னும் சிலந்திகளே முதலில் மடிகின்றன. இலையுறைக்குள் இட்ட முட்டைகளோ பிழைத்துக்கொள்கின்றன. பகை நீங்கிய களத்திலே அப்பூச்சி முன்னிலும் பன்மடங்காகப் பெருகுகிறது. அளவு மிஞ்சிய யூரியாவும், நெருக்கமான விதைப்பும் அதற்குத் துணை செய்கின்றன. இவ்வுண்மையை ஆராய்ச்சியாளர் கூற, இந்தோனேசிய அரசு 1986 ஆம் ஆண்டிலே 57 பூச்சிநாசினிகளை நெல்வயலில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பின்னர் அந்நாட்டு உழவர்க்கு வயல்வரம்பிலேயே பள்ளி நடத்தி, எது நட்பு, எது பகை என்று காட்டிக் கொடுத்தனர். நம் விவசாயியின் ஐயம் நீங்கப் போதுமான அறிவு நாற்பது ஆண்டுகளாக உலகில் இருக்கிறது. ஆனால் அஃது அவர் வரம்பு வரை வந்து சேரவில்லை.

வராமைக்குக் காரணம் பலவாகலாம். மொழி அவற்றுள் முதன்மையானது. நம்மவர் அறக்கொட்டியான் என்பதை நம் விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்கிறது. தமிழகத்தார் புகையான் என்கின்றனர். ஆராய்ச்சி ஏடோ இலத்தீன் பெயரால் குறிக்கிறது. திணைக்களம் தமிழில் அறிவுரை வெளியிடாமல் இல்லை. எனினும் வயலிலே வழங்கும் பெயர் அத்தாளில் இல்லையாயின், அது தம் பகையைப் பற்றியதென்று உழவர் எங்ஙனம் அறிவார்?

இதிலே பண்டிதர்களாகிய எங்கள் பிழையும் உண்டு. அறக்கொட்டியான் என்ற சொல்லை எத்தனையோ மாணவர் ஏடுகளிலே கொச்சை என்று சிவப்பு மையால் நானே கீறியிருக்கிறேன். வீட்டிலே தந்தை வழங்கும் சொல் பள்ளியிலே பிழையாகுமென்றால், வீட்டின் அறிவும் பிழையென்றே பிள்ளை எண்ணும். அன்று நான் கீறியது சொல்லை மட்டுமன்று என்பதை அவ்விவசாயியின் முன்னே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

நம்மைப் பற்றிய அறிவு நமக்கு எட்டாமற் போவது வயலோடு நிற்கவில்லை. அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடமும் நிலவும் தாய்வழிக் குடிமுறையை நுணுகி ஆராய்ந்தார். அதன் பயனாகிய பெருநூல் 2008 இல் ஆங்கிலத்திலே வெளிவந்தது. கல்லோயா இடதுகரையிலே 1980களில் இளம் பட்டதாரிகள் உழவரோடு உழவராக வாழ்ந்து, நீர்ப்பங்கீட்டை அவர்களே சீர்செய்யத் துணைநின்ற வரலாற்றை நோமன் அப்ஹொப் 1992 இல் எழுதிய நூலும் ஆங்கிலமே. உலகம் நம் மண்ணிலிருந்து பாடம் கற்றது. அப்பாடத்தைத் தமிழன்றி வேறறியாத நம் வட்டவிதானைமாரும் குடிமரைக்காயர்மாரும் தாமே படித்தறிய வழியில்லை.

"உயர்ந்த ஆராய்ச்சியைத் தமிழிலே எழுதல் இயலாது" என்பாரும் உளர். மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் வைத்தியர் 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர் துணைகொண்டு உடற்கூறும் இரணவைத்தியமும் தமிழ் நூல்களாக்கினார். நம் அயலூராகிய காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். 1936 இலே சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். 1947 இலே வெளிவந்த யாழ்நூலிலே இசையையும் கணிதத்தையும் இணைத்துத் தமிழிலேயே ஆராய்ந்தவர். அடிகள் பிறந்த கரையிலிருந்து கொண்டு, தமிழுக்கு ஆற்றல் போதாது என்று நாம் கூறலாமா?

ஆங்கிலத்தை அகற்றுக என்று நான் கூறவில்லை. உலக அறிஞர் ஆராய்ந்து தெளிய ஆங்கிலம் வேண்டும், அதிலே எழுதுக. ஆனால் விடை தந்தவர்க்குக் கடன் ஒன்று உண்டு. அதனைத் தீர்க்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இக்கரையில் நிகழும் ஒவ்வோர் ஆராய்ச்சியும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றோடு நிறைவு பெறுதல் வேண்டும். அதில் ஊர்ச்சொல்லும் திணைக்களச் சொல்லும் அருகருகே நிற்க வேண்டும். வேளாண்மை பற்றியதைப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலே படித்துக் காட்டுக. கல்வி பற்றியதைப் பெற்றோர் கூட்டத்திலே எடுத்துரைக்க. நோய் பற்றியதைத் தாய்மார் கூடும் சிகிச்சை நிலையத்திலே விளக்குக. சுருக்கத்தின் மொழியைச் செப்பனிடத் தமிழாசிரியர் ஊதியமின்றி முன்வருதல் வேண்டும். முதல் ஆளாக என் பெயரைப் பதிந்துகொள்க.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவும் அப்பாவும் வயலிலே, தோணியிலே, தறியிலே வழங்கும் சொற்களை ஓர் ஏட்டிலே குறித்து வையுங்கள். அவையின்றி எந்த ஆராய்ச்சியும் இவ்வூருக்கு விளங்காது. அவ்வேட்டை என்னிடம் கொண்டுவந்தால், இம்முறை சிவப்பு மை தொடமாட்டேன்.