பள்ளி அணியா, கழக அணியா?

அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் குடியேறியுள்ள ஒரு தாயார் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பதினைந்து வயது மகன் பள்ளியின் கால்பந்து அணியில் ஆடுகிறான். ஐம்பது நிமிடப் பயணத் தொலைவிலுள்ள ஒரு கழகம் தன் அகாடமி அணியில் சேருமாறு அவனை அழைத்திருக்கிறது. சேர்ந்தால் பள்ளி அணியை விட்டுவிட வேண்டும். அது கழகத்தின் விதி. தந்தை மகிழ்ச்சியால் துள்ளுகிறார். மகன் இரு நாட்களாகச் சரியாக உண்ணவில்லை. "இதிலே எது நல்லது என்று எங்களுக்கு விளங்கவில்லை" என்று தாயார் எழுதுகிறார்.

இது என்ன விந்தையான சிக்கல் என்று நம் வாசகருட் சிலர் எண்ணக்கூடும். பிள்ளை மாலையில் பந்து விளையாடுவதற்குமா ஆலோசனை? ஆனால் அந்நாட்டில் இது பல இலட்சம் குடும்பங்களின் கேள்வி. உயர்நிலைப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகள் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். அங்கு இதற்குச் 'சாக்கர்' என்று பெயர். 'ஃபுட்பால்' என்ற பெயரைக் கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது!

இந்த இழுபறி எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் அறிவது நலம். அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் 2007-ஆம் ஆண்டில் இளைஞர் பயிற்சிக்கென ஓர் அகாடமி அமைப்பைத் தொடங்கியது. ஐரோப்பியப் பிள்ளைகள் ஆண்டு முழுதும் பயில்கையில் நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்தின் இரண்டு மூன்று மாதங்கள் மட்டும் ஆடினால் போதுமா என்பதே அதன் வாதம். 2012-இல் பருவத்தைப் பத்து மாதமாக நீட்டியபோது, அகாடமியில் இருப்போர் பள்ளிக்கு ஆடலாகாது என்ற நிலை உறுதிப்பட்டது. 2017-இல் பெண் பிள்ளைகளுக்கும் அதே போன்றதோர் அமைப்பு எழுந்தது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில், பொருள் நெருக்கடியைக் காட்டி, சம்மேளனம் இரண்டையும் ஒரே நாளில் மூடிவிட்டது. அந்நாட்டின் முதல்தரத் தொழில்முறை லீகாகிய எம்.எல்.எஸ்., 'எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்' என்ற பெயரில் ஆண் பிள்ளைகளுக்குத் தானே ஓர் அமைப்பை நிறுவியது. பெண்களுக்கு 2009 முதலே நடந்துவரும் ஈ.சி.என்.எல். என்னும் லீக், பள்ளிக்கு ஆடுவதைத் தடுப்பதில்லை. ஆகவே "அகாடமி" என்ற ஒரே சொல்லின் கீழ் பல விதிகள் உள்ளன. விதித்தாளைக் கையில் வாங்கிப் படிக்காமல் ஒப்பமிடவேண்டா என்பது நம் முதல் வேண்டுகோள்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம். பொதுவாகக் கழகத்தில் தரம் மேலானது. பள்ளி ஆட்டம் எண்பது நிமிடம். வெளியே வந்த ஆட்டக்காரன் மீண்டும் உள்ளே செல்லலாம். வாரத்திற்கு இரண்டு, சில வேளை மூன்று ஆட்டங்கள் நெருக்கமாக வந்து விழும். களத்தில் பதினெட்டு வயது வலியவனும் பதினான்கு வயது மெலியவனும் மோதுவர். அகாடமியிலோ ஏறத்தாழ ஒரே வயதினர். பயிற்சி மிகுதி, ஆட்டம் குறைவு. கல்லூரிப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் கழகப் போட்டிகளுக்கே வந்து ஆட்களைத் தேடுகின்றனர். தந்தையின் மகிழ்ச்சிக்குக் காரணம் இதுதான்: கல்லூரிச் செலவு குறையுமே!

இந்த நம்பிக்கையைச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம். முதற்பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் கால்பந்து அணி நடத்துபவை இருநூறுக்குச் சற்று மேல். 2025 வரை ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட உதவித்தொகை 9.9 பேருக்கானது மட்டுமே. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பங்கிட்டால் ஒருவனுக்கு என்ன கிடைக்கும்? நீதிமன்ற உடன்படிக்கையின் விளைவாக 2025 முதல் அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அவ்வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்துள்ளது. ஆனால் வரம்பு நீங்கியதாலேயே கல்லூரி பணம் கொடுக்கக் கடமைப்பட்டதாகாது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும், ஹார்வர்டு, யேல் முதலிய ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. மறுபுறம், கழகக் கட்டணம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். விமானப் பயணமும் விடுதியும் வேறு. தொழில்முறை அணிகளின் சொந்த அகாடமிகள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. கடிதத்தில் குறித்துள்ள கழகம் அவ்வகையன்று. அத்தொகையை ஆண்டுதோறும் வங்கியிலிட்டால் என்ன சேரும் என்று தந்தை ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாரத்தில் நான்கு மாலைகள், போக வர நூறு நிமிடம்: பயணம் மட்டும் ஆறு மணி நாற்பது நிமிடம். வண்டி ஓட்டுபவர் தாயார். அந்நேரமெல்லாம் பதினொரு வயதுத் தங்கை எங்கே இருப்பாள்? கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவ்வரியை நாம் இருமுறை படித்தோம்.

கிளின்ட் டெம்ப்சி என்பவர் 2006, 2010, 2014 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் அமெரிக்காவுக்காகக் கோல் அடித்தவர். டெக்சாஸ் மாநிலத்தின் நாக்கடோச்சஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் அவரை ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள டல்லஸ் நகரக் கழகத்திற்கு ஏற்றிச் சென்றனர். அவருடைய அக்காள் டென்னிஸ் ஆட்டத்தில் முன்னேறிவந்த காலத்தில் இருவர் செலவையும் தாங்க முடியாமற்போக, அவர் சில காலம் அக்கழகத்தை விட்டு நின்றார். 1995-இல் பதினாறே வயதான அந்த அக்காள் திடீரென இறந்துபோனாள். அவர் தம் ஊர்ப் பள்ளி அணிக்கும் ஆடினார். பின்பு கல்லூரிக்கும் ஆடினார். ஒரு பிள்ளைக்காக மறுபிள்ளை விட்டுக்கொடுக்கும் வீடு தோற்றுப்போன வீடு அன்று.

பள்ளிகளிலிருந்து பெரிய ஆட்டக்காரர் தோன்றுவதில்லையா என்றால், அத்தாயார் வாழும் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. நூவர்க் நகரில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 1868-இல் தொடங்கிய செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளி, நகரின் சீர்குலைவால் 1972-இல் மூடப்பட்டது. எஞ்சிய துறவிகள் சிலர் மறு ஆண்டே அதை மீண்டும் திறந்தனர். டாப் ராமோஸ், கிளாடியோ ரெய்னா, கிரெக் பெர்ஹால்டர் ஆகிய மூவரும் அங்கு பயின்று, நாட்டுக்காக உலகக் கோப்பை அணிகளில் இடம்பெற்றனர். எனினும் அது அகாடமி அமைப்புத் தோன்றாத காலம் என்பதையும் மறைக்கலாகாது. பென்சில்வேனியாவின் கிறிஸ்டியன் புலிசிக் பதினாறாம் வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்திற்குச் சென்றவர். அத்தகையோருக்குப் பள்ளி அணி போதாதுதான். ஆனால் அத்தகையோர் எத்தனை பேர்?

உடல் நலத்தையும் எண்ண வேண்டும். சில வீடுகளில் இரண்டையும் விடமாட்டோம் என்று, பள்ளிக்கு ஆடிய அன்று மாலையே கழகப் பயிற்சிக்கும் அனுப்புகின்றனர். வளரும் எலும்புக்கு இது தீங்கு. முழங்காலின் கீழே வலி என்று பிள்ளை சொன்னால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் விட்டு விட்டு மொத்தம் மூன்று மாதமும் ஒரே ஆட்டத்திலிருந்து ஓய்வு வேண்டும் என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. பத்து மாதப் பருவத்தில் மூன்று மாத ஓய்வை எங்கே வைப்பது என்று கழகத்தாரைக் கேளுங்கள்.

ஞாயிறு ஆட்டங்களைப் பற்றியும் தாயார் கவலைப்படுகிறார். வெளியூர் செல்லும் வாரங்களில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி உண்டு. அந்தந்த ஊர்க் கோவிலும் உண்டு. முன்கூட்டியே விசாரித்து வைத்தால் அது பெரிய தடையாகாது. அதைவிடக் கடினமானது, வாரம் முழுதும் நால்வரும் ஒரு மேசையில் அமர்ந்து உண்ணும் இரவு ஒன்றுகூட மிஞ்சாமற்போவது.

எம் கருத்தைக் கேட்டிருக்கிறார், கூறுகிறோம். இவ்வாண்டு அவன் பள்ளிக்கே ஆடட்டும். பள்ளிப் பருவம் முடிந்தபின், இளவேனிலில் அருகிலுள்ள சிறு கழகமொன்றில் ஆடலாம். அத்தகைய கழகங்கள் பல உண்டு. அழைத்த கழகத்திடம் அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வு உண்டா என்று எழுத்து மூலம் கேட்கலாம். அவனே அகாடமியைத்தான் விரும்புகிறேன் என்று தெளிந்து சொன்னால் நம் கருத்தை ஒதுக்கிவிடுங்கள். ஆனால் முதலில் அவனைக் கேட்க வேண்டுமே! மூன்று பக்கக் கடிதத்தில் தந்தை சொன்னது இருக்கிறது, பயிற்சியாளர் சொன்னது இருக்கிறது. மகன் சொன்னது எங்கும் இல்லை. பயிற்சிக்கு ஏற்றிச் செல்லும்போதன்றி, வேறொரு மாலையில், தந்தை அவனுடன் தனியே நடந்து சென்று கேட்கட்டும். அவன் சொன்ன பதிலை நமக்கும் எழுதுமாறு தாயாரைக் கேட்டுக்கொள்கிறோம்.