சைடு மிரரைக் கழற்றும் முன்

எண்ணூர்ப் பக்கம் ஓடும் சொகுசுக் கார்களில் சைடு மிரர் கோளாறு பெரும்பாலும் விடியற்காலையில்தான் தலைகாட்டுகிறது. இரவு முழுக்க வெட்டவெளியில் நின்ற வண்டியை ஏழு மணிக்கு எடுக்கும்போது இடப்பக்க மிரர் விரிய மறுக்கும். அதே வண்டி பதினொரு மணிக்குப் பட்டறை வாசலில் வந்து நிற்கும்போது ஒழுங்காக மடங்கி விரியும். ‘வண்டியில் ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவதும் தவறு. ‘மிரர் போய்விட்டது, செட்டோடு மாற்ற வேண்டும்’ என்று மதிப்பீடு போடுவதும் தவறு. கோளாறு இருக்கிறது. ஆனால் பல நேரங்களில் அது மிரருக்குள் இல்லை. மிரருக்குப் போகும் வழியில் இருக்கிறது.

வழியைக் கெடுப்பது உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். கடலோர அதிகாலைக்கு இது சர்வசாதாரணமான ஈரப்பதம். ஒயர்களை இணைக்கும் கப்ளரின் பின்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு இரவில் கரைந்து, ஒரு பின்னிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் கசிய வழி செய்கிறது. வெயில் ஏறியதும் காய்ந்துவிடுகிறது. இப்படிப் பல மாதங்கள் போனால் செம்பில் களிம்பு ஏறி, பின்களில் பச்சைப் பூ பூத்து நிற்கும். இதோடு வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பலும் காமராசர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூசும் சேர்கின்றன. மிரர் மடங்கும் கீலில் இவை ஈரத்தோடு சேர்ந்து சாந்துபோல இறுகிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. அந்த நீரில் நின்ற வண்டி என்றால் கதவு ரப்பர்களைத் தனியே பார்க்க வேண்டும். கதவு ஓரங்களில் பரவலாகப் பயன்படும் ஈபிடிஎம் ரப்பர் மழையையும் வெயிலையும் தாங்கும். கனிம எண்ணெயைத் தாங்காது. உப்பித் தளர்ந்த ரப்பர் வழியாக அடுத்தடுத்த மழைகளில் நீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. இன்று சொகுசுக் கார்கள் திருவொற்றியூர் பட்டறைகளுக்கும் புதியவை அல்ல. ஆனால் பழைய கார்களுக்குக் கைகொடுத்த டெஸ்ட் லாம்ப் இவற்றில் ஆபத்தான கருவி. எந்த ஒயரில் என்ன போகிறது என்று தெரியாமல் குத்தினால், நல்ல மாட்யூலையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

சோதனையைப் பேட்டரியிலிருந்து தொடங்குவதே முறை. முழுச் சார்ஜில் ஓய்வாக நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அது இறங்கினால் பல சொகுசுக் கார்கள் மிரர் மடக்குவது போன்ற வசதிகளைத் தாமே நிறுத்திவிடும். அடுத்து பியூஸ். பிறகு ஸ்கேனரை மாட்டி, பிழைக் குறியீடுகளை அழிக்காமல் முதலில் எழுதிவைக்க வேண்டும். நேரடித் தரவில் மிரர் பொத்தானை அழுத்தும்போது அந்த அழுத்தம் திரையில் தெரிந்தால் ஸ்விட்சும் அதைப் படிக்கும் மாட்யூலும் வேலை செய்கின்றன. தெரியாவிட்டால் மிரரைத் தொடவே தேவையில்லை. தேடல் ஸ்விட்சுப் பக்கம் திரும்ப வேண்டும்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் கதவுக்கும் முன்தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள ஒயர்கள் ஒரே இடத்தில் மடிகின்றன. வெளியுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒயரை ஒவ்வொன்றாக இரு விரல்களில் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும்: நல்ல ஒயர் இழுவைக்கு அசையாது, உள்ளே அறுந்த ஒயரின் உறை ரப்பர்போல நீளும். கதவைப் பாதி திறந்தால் மிரர் வேலை செய்கிறது, மூடினால் நிற்கிறது என்று வண்டிக்காரர் சொன்னால் நேராக இங்கேதான் வர வேண்டும்.

வெறும் தொடர்ச்சி சோதனையை இங்கே நம்ப முடியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் ‘பீப்’ என்று சத்தம் கொடுக்கும்; மோட்டார் ஓடும் அளவு மின்சாரம் அதில் போகாது. மோட்டாரை ஓடவிட்டு, எர்த் ஒயரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

அறுந்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்தக் கடற்காற்றில் சில மாதத்துக்கான வேலை. மடியும் இடத்திலேயே சால்டர் வைப்பதும் கூடாது; ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கி, அதன் ஓரத்திலேயே மறுபடி முறியச் செய்யும். அதே தடிமனில் மெல்லிழை ஒயர் சேர்த்து, இணைப்பை ரப்பர் குழாய்க்கு வெளியே தள்ளி வைத்து, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட வேண்டும். களிம்பு ஏறிய பின்னைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டினால் மேற்பூச்சும் போய் அடுத்த களிம்பு இன்னும் வேகமாக ஏறும். கான்டாக்ட் கிளீனரில் கழுவிக் காயவைத்து, கப்ளரின் ரப்பர் சீலில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும்.

வழி சரியாக இருந்தால்தான் மிரருக்குள் போக வேண்டும். எளிய அமைப்பில் கண்ணாடியை மேல்-கீழ் அசைக்க ஒரு மோட்டார், இட-வலமாக அசைக்க ஒரு மோட்டார். இரண்டுக்கும் சேர்த்து மூன்றே ஒயர்கள், அதில் ஒன்று பொது. பொது ஒயர் அறுந்தால் பல கார்களில் மின்சாரம் இரண்டு மோட்டாரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மூலைவாட்டாக, சோம்பலாக நகரும். மோட்டாரில் குறை என்று இதை எண்ணி ஏமாறுவோர் பலர். மோட்டார் சத்தம் வந்தும் மிரர் மடங்காவிட்டால் பல் தேய்ந்த பிளாஸ்டிக் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து போகும் இருசக்கர வண்டிகள் மிரரை இடித்துத் தள்ளுவது அன்றாடக் காட்சி. அப்படி விலகிய மிரர் பல கார்களில் பொத்தானால் ஓரிரு முறை மடக்கி விரித்தாலே ‘டக்’ என்று தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். சோதிக்கிறேன் என்று இருபது தடவை மடக்கினால் சூட்டுப் பாதுகாப்பு மோட்டாரை நிறுத்தும். கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும்.

பல புதிய கார்களில் மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் வருவதில்லை. கதவு மாட்யூல் ‘லின்’ எனப்படும் ஒற்றை ஒயரில், நொடிக்கு 20 கிலோபிட்டுக்கு மிகாத வேகத்தில், மிரருக்குக் கட்டளை அனுப்புகிறது. பேச்சில்லாதபோது அந்த ஒயரில் பேட்டரி வோல்ட்டேஜுக்கு நெருங்கிய அளவு இருக்கும். பேச்சு நடக்கும்போது மீட்டரில் அதற்குக் கீழே ஏறி இறங்கும். எப்போதும் பூச்சியம் காட்டினால் ஒயர் எர்த்தாகியிருக்கலாம், அல்லது அதில் இணைந்த ஒரு பாகம் அதைக் கீழே இழுக்கலாம். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது வோல்ட் எழுகிறது என்று பார்ப்பதே வழி.

தானாக இருளும் கண்ணாடிக்குச் சுமார் 1 முதல் 1.5 வோல்ட்தான் தேவை. அதன் இரண்டு ஒயர்களில் நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் விலை உயர்ந்த கண்ணாடி அங்கேயே முடிந்தது. புதுப்பேட்டையில் பழைய மிரர் வாங்கிப் பொருத்துவோர் வடிவத்தை மட்டும் பார்க்காமல் பின் எண்ணிக்கையையும் பாக எண்ணையும் ஒப்பிட வேண்டும். கேமரா உள்ள மிரரை மாற்றினால் கேமராவைச் சீரமைக்காமல் வண்டியை விடக் கூடாது. வண்டியைச் சுற்றிக் காட்டும் படம் கொஞ்சம் விலகினாலும் ஓட்டுநர் ஏமாறுவார்.

வேலைக்காகப் பிரித்த கதவின் உள்சவ்வை, அதாவது உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தாளை, திரும்ப ஒட்டுவதைச் சிறிய வேலையாக நினைக்கும் பழக்கம் மாற வேண்டும். சில சொகுசுக் கார்களில் பக்கவாட்டு மோதலை அறியும் காற்றழுத்த சென்சார் கதவுக்குள்தான் இருக்கிறது. சவ்வில் ஓட்டை இருந்தால் ஏர்பேக்குக்கான அந்த அளவீடு பிசகலாம். மழைநீரும் அறைக்குள் வரும். பழைய பசையைத் துடைத்து, புதிய பியூட்டைல் பசையால் சுற்றிலும் அழுத்தி ஒட்ட வேண்டும்.

பிறகு கதவு ஓரத்திலும் மிரரிலும் தண்ணீர் தெளித்து, வண்டியை ஓர் இரவு வெளியில் நிறுத்தி, காலை ஆறு மணிக்கு, பனி காயும் முன், இரண்டு மிரர்களையும் கதவு மூடியும் திறந்தும் மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பில் போடலாம்.