நாற்காலி பிடிக்க 30 வருடக் கடன்! கூடைப்பந்து ரசிகன் தலையில் கை வைக்கலாமா?

சீசன் டிக்கெட் என்றதும் மின்சார ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். பணத்தைக் கட்டினால் மாதம் முழுதும் போய் வரலாம். உட்கார இடம் கிடைக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்!

அமெரிக்காவில் கூடைப்பந்து ரசிகர்கள் எடுக்கும் சீசன் டிக்கெட் வேறு ரகம். அங்கே நாற்காலியே சொந்தம் மாதிரி. என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைப் போட்டியில் ஒரு குழு வருடத்துக்கு 82 ஆட்டம் ஆடுகிறது. அதில் பாதி, அதாவது 41 ஆட்டம், சொந்த ஊரில். அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை அத்தனைக்கும் ஒரே நாற்காலி. பக்கத்தில் அதே ஆள், முன்னால் அதே தலை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

இந்த இடம் பிடிக்கிற விவகாரத்தில்தான் கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் குழு தன் பழைய ரசிகர்களிடம் கை நீட்டியது. நீட்டிய தொகை கொஞ்சமல்ல!

எது நல்ல இடம்?

ஆடுகளத்தின் நீளம் 94 அடி. அகலம் 50 அடி. வளையம் இருப்பது 10 அடி உயரத்தில். களத்தை ஒட்டிய முதல் வரிசை சினிமாக்காரர்களுக்கும் கோடீஸ்வரர்களுக்கும். லாஸ் ஏஞ்சல்சில் நடிகர் ஜாக் நிக்கல்சனும், நியூயார்க்கில் டைரக்டர் ஸ்பைக் லீயும் அந்த வரிசையில் உட்கார்ந்தே தனியாகப் பேர் வாங்கியவர்கள். சம்பளக்காரனுக்கு அது எட்டாக் கனி.

எட்டுகிற இடத்திலும் சூட்சுமம் உண்டு. கீழ்த்தளம் என்றால் கௌரவம் என்று நினைத்துக் கூடைக்கு நேர் பின்னால் வாங்குகிறவர் பிறகு முழிக்கிறார். கண்ணுக்கு எதிரே பலகையும் கம்பமும் நிற்கும். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு குழுவும் பக்கம் மாறிவிடும். ஆகவே ஒரு பாதி முழுதும் தன் ஆட்கள் பந்து போடுவதை மறுகோடியில் எட்டி எட்டிப் பார்க்க வேண்டும்.

மேல்தளத்தில் நடுக்கோட்டுக்கு நேரே முன் வரிசை கிடைத்தால் அதை விடக்கூடாது. ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். ஆனால் ஆட்டம் முழுசாகத் தெரியும். யார் தடுக்கிறார், யார் காலியாக நிற்கிறார், பந்து எங்கே போகப் போகிறது எல்லாம் கைரேகை மாதிரி தெளிவு. கைப்பிடிக் கம்பி கண்ணை மறைக்காமல் இருந்தால் சரி. நடைபாதை ஓர நாற்காலி என்றால் எழுந்து போக வசதி. ஆனால் தின்பண்டம் வாங்கப் போகிறவருக்கெல்லாம் எழுந்து எழுந்து வழிவிட்டே முழங்கால் தேய்ந்துவிடும்!

படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், முதலில் ஒரு நாள் டிக்கெட் வாங்கி அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவர் கெட்டிக்காரர். 41 ராத்திரியும் ஒருவரே போக முடியுமா? மறுநாள் ஆபீஸ் இல்லையா? நாலு பேர் சேர்ந்து எடுத்து ஆளுக்குப் பத்து ஆட்டம் என்று பிரித்துக்கொண்டால் பர்சும் பிழைக்கும், தூக்கமும் பிழைக்கும்.

இதெல்லாம் ரசிகன் கையில் உள்ள சமாசாரம். அவன் கையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது.

பொறுமைக்குப் பேர்போன ஊர்

வாரியர்ஸ் குழு 1971ல் ஓக்லண்ட் நகரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டது. தொழிலாளிகள் நிறைந்த துறைமுக நகரம். அரங்கத்துக்குப் பக்கத்திலேயே கொலிசியம் ரயில் நிலையம். இறங்கி, பாலத்தில் நடந்தால் வாசல்.

1975ல் கோப்பை வந்தது. அடுத்த கோப்பைக்கு 40 வருடம் காத்திருந்தார்கள்! 1994 முடிந்து தொடர்ந்து 12 சீசன் அடுத்த சுற்றுக்கே தகுதி இல்லை. 2000-01 சீசனில் 82 ஆட்டத்தில் ஜெயித்தது வெறும் 17. அப்போதும் பணம் கட்டி நாற்காலியைக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். 2007ல் எட்டாவது இடத்திலிருந்த வாரியர்ஸ், முதலிடத்திலிருந்த டல்லாஸ் குழுவை வீழ்த்தியபோது மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு கூரை அதிரக் கத்தியவர்கள் இவர்கள்தான். 2015, 2017, 2018 என்று கோப்பைகள் வந்தன. நாடே திரும்பிப் பார்த்தது.

பணம் கொட்டுகிற நேரம் வந்ததும் குழு பெட்டி கட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம், பணக்கார சான் பிரான்சிஸ்கோவில் சேஸ் சென்டர் என்று புது அரங்கம். செலவு சுமார் 140 கோடி டாலர். பழைய அரங்கத்தில் 19,596 பேர் உட்காரலாம். புதியதில் 18,064. அதாவது 1,532 நாற்காலி குறைவு! ஓக்லண்ட்காரர் இனி ஒரு ரயிலில் வந்து இறங்கி இன்னொன்று மாற வேண்டும்.

வாசலில் உண்டியல்

2017ல் வந்தது அறிவிப்பு. புது அரங்கத்தில் சீசன் நாற்காலி வேண்டுமானால் முதலில் ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். அது டிக்கெட் விலை அல்ல. டிக்கெட் வாங்கும் உரிமைக்கான பணம். டிக்கெட்டுக்கு வருடாவருடம் தனி. கட்டிய தொகை 30 வருடம் கழித்துத் திரும்பி வரும். வட்டி? ஒரு காசு கிடையாது!

ஒரு பேச்சுக்கு, ஒருவர் 15,000 டாலர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி வருடம் 3 சதவீதம் ஏறினால், 30 வருடம் கழித்து அவர் கைக்கு வரும் அதே 15,000க்கு இன்றைய மதிப்பு 6,200 டாலர் கூட இல்லை. பாதிக்கு மேல் கரைந்துவிடும். 50 வயதில் கட்டியவர் 80 வயதில் கைத்தடியோடு போய் வாங்க வேண்டும். கடன் கொடுப்பவன் ரசிகன், கட்டடம் முதலாளிக்கு. இது என்ன கணக்கு?

"பழைய ரசிகர்களுக்கே முதல் வாய்ப்பு" என்றார்கள். முதலில் கூப்பிட்டது உண்மைதான். கூப்பிட்டுவிட்டு வாசலில் உண்டியலை வைத்தால் உள்ளே போவது யார்?

குழுவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வரிப்பணம் கேட்காமல் சொந்தப் பணத்தில் கட்டினார்கள். அமெரிக்கக் கால்பந்தில் இதே மாதிரி வாங்கும் பணம் திரும்பி வருவதே இல்லை. இங்கே வருகிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஓக்லண்டின் கதை என்ன? 1990களில் பழைய அரங்கத்தைப் புதுப்பிக்க ஊரும் மாவட்டமும் கடன் வாங்கின. வாரியர்ஸ் கிளம்பும்போது 4 கோடி டாலருக்கு மேல் பாக்கி. குத்தகை முடிந்தது, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது குழு. 2018ல் நடுவர் தீர்ப்பு குழுவுக்கு எதிராக வந்தது. 2020ல் அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது. ரசிகனிடம் 30 வருடப் பொறுமை கேட்டவர்கள், ஊருக்குத் தர வேண்டிய பாக்கிக்குக் கோர்ட்டுக்குப் போனார்கள். நல்ல கூத்து!

முதல் வருடமே சறுக்கல்

பணம் கட்டிப் போனவர்களுக்கு 2019-20ல் என்ன கிடைத்தது? 15 வெற்றி, 50 தோல்வி. முன்னணி ஆட்டக்காரர்களுக்குக் காயம். குழு கடைசி இடம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஆட்டமே நின்றது. 2022ல் மறுபடி கோப்பை வந்தது வேறு விஷயம். விளையாட்டில் ஏற்றமும் இறக்கமும் சகஜம். அதனால்தான் இறக்கத்தில் கூட நிற்கிற ரசிகனுக்கு மரியாதை வேண்டும் என்பது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பத்து, இருபது வருடம் சீசன் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்த முன்பணம் கூடாது. வாங்கினால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். மேல்தளத்தில் நடுப்பகுதியில் சில வரிசைகளை டிக்கெட் விலைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். வேறு ஊர்களில் புது அரங்கம் கட்டும் முதலாளிகளும் இதைக் கவனிப்பது நல்லது.

நாற்காலியை ரசிகன் தேர்ந்தெடுக்கட்டும். பர்சைத் தடவிப் பார்த்து ரசிகனைக் குழு தேர்ந்தெடுக்கிற வேலை வேண்டாம்!