தோற்றுப்போனவன் கட்டிய கோபுரம்

கடையநல்லூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் போகிறவர்களுக்கு, தென்காசிக்குள் நுழையும் முன்பே காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் கண்ணில் பட்டுவிடும். ஒன்பது நிலை, சுமார் 180 அடி உயரம். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து ராஜாக்களிடம் எவ்வளவு பணம் இருந்திருக்கும்!" என்று வியந்துகொண்டே அருவிக்குப் போய்விடுகிறார்கள்.

அங்கேதான் தப்புக்கணக்கு. இந்தக் கோயிலைக் கட்டியவன் செல்வச் செருக்கில் மிதந்த பேரரசன் இல்லை. தலைநகரத்தைப் பறிகொடுத்த வம்சத்தின் வாரிசு!

கதை மதுரையில் தொடங்குகிறது. 1310 வாக்கில் அரியணைக்காக அண்ணன் தம்பிகளான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். 1311-ல் மாலிக் கபூரின் படை வந்தது. பிறகு மதுரை சுல்தான்கள். அவர்களை வீழ்த்திய விஜயநகரத்தாரும் மதுரையைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. பாண்டியர்கள் தெற்கே நகர்ந்து நகர்ந்து கடைசியில் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பள்ளிக்கூடப் பாடத்தில் பாண்டியர் கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் இந்தப் பக்கம் ஆண்டிருக்கிறார்கள். எல்லோரும் சின்ன வயதில் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கையை எழுதிய அதிவீரராம பாண்டியன்கூட இந்தத் தென்காசிப் பாண்டியர்தான்!

1440-களில் பராக்கிரம பாண்டியன் இங்கே கோயில் எடுத்தான். காசிக்குப் போக முடியாதவர்களுக்காகக் காசியையே தெற்கே கொண்டுவந்தான் என்று தலபுராணம் சொல்லும். பக்தி இருக்கட்டும். மதுரையை இழந்தவனுக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோட்டையைக் காட்டி 'நாங்கள் இன்னும் இருக்கிறோம்' என்று சொல்லும் பலம் இல்லை. கோபுரத்தைக் காட்டிச் சொல்லலாம் அல்லவா?

அதே காலத்தில், 1453-ல், துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள். அங்கிருந்த ஹாகியா சோபியா தேவாலயத்தை மசூதியாக மாற்றினார்கள். பின்னர் மினார்களும் எழுந்தன. ஜெயித்தவனுக்கு வேலை சுலபம், தயாராக நிற்கும் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். தோற்றவன் அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். பராக்கிரமன் தொடங்கிய கோபுரம் அவன் காலத்தில் முடியவும் இல்லை. பின்னால் வந்த குலசேகர பாண்டியன்தான் முடித்து வைத்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் அவன் விட்டுப்போன கல்வெட்டுப் பாட்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்ய வருகிறவர் யாராக இருந்தாலும், எல்லோரும் பார்க்க அவரை வணங்குகிறேன் என்று பொருள்பட அதில் சொல்கிறான். வழக்கமாக ராஜாக்கள் கல்வெட்டில் எதிரியின் தலையை எண்ணுவார்கள், அழிக்கிறவனுக்குச் சாபம் விடுவார்கள். இவன் முன்கூட்டியே கும்பிடு போடுகிறான்! வம்சத்தை நம்பியிருந்தால் 'என் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதியிருப்பான். மதுரையின் கதி தெரிந்தவன், முகம் தெரியாதவர்களை நம்பினான்.

நம்பிக்கை வீண்போகவில்லை, ஆனால் ரொம்பத் தாமதமாயிற்று. பிற்காலத்தில் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. அதைப் பார்த்தபடியே தேரோட்டம் நடந்தது, சந்தை கூடியது, மக்கள் பழகிப்போனார்கள். கடைசியில் கோபுரத்தை மறுபடி எழுப்ப முன்னின்றவர் எந்த அரச குலமும் இல்லை, தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன். 1990-ல் குடமுழுக்கு நடந்தது. இன்று செல்போனில் படம் பிடிக்கப்படும் கோபுரம் அதுதான். மேலே இருப்பது பராக்கிரமன் காலத்துக் கட்டுமானம் இல்லை என்பது படம் பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

2025 ஏப்ரலில் மறுபடியும் கும்பாபிஷேகம். அதற்கு முன் திருப்பணி முழுமையாக முடியவில்லை என்று ஒரு வழக்கு. கோயிலில் என்ன குறை, யார் சரிசெய்வது என்ற அதே பழைய கேள்விதான். விசாரணை நடந்தது, பாண்டியர்கள் பறிகொடுத்த அதே மதுரையில்!