கண்ணில் கத்தியா?

கடப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். அவருடைய மாமியாருக்கு இரு கண்களிலும் புரை. உப்பையும் சீனியையும் நாவில் வைத்தே பிரித்தறிகிறாராம். குர்ஆனைத் திறந்தால் எழுத்துகள் புகைமூட்டமாய்த் தெரிகின்றனவாம். ஆயினும், கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்பது சகோதரியின் கேள்வி.

அம்மையாரின் அச்சம் பொருளற்றதன்று. அவர் இளமையில் கண்ட சிகிச்சை அத்தகையது. கருவிழியின் விளிம்பில் ஏறத்தாழப் பாதிச் சுற்றுக்குக் கீறி, கலங்கிய கண்வில்லையை முழுதாக வெளியே எடுத்தனர். நோயாளி தலையை அசைக்காமல் பல நாள் மல்லாந்து கிடந்தார். பின்னர் ஆயுள் முழுவதும் சோடாபுட்டிக் கண்ணாடி. இன்று மாறியிருப்பது கருவிகள்தாம். ஆகவே அவற்றைப் பற்றியே சொல்கிறேன்.

சொட்டு மருந்தாலோ ஊசியாலோ முதலில் கண் மரத்துப்போகச் செய்யப்படுகிறது. பின்பு மெல்லிய கம்பியாலான சிறு இடுக்கி இமைகளை விரித்துப் பிடித்துக்கொள்கிறது. இடையில் கண் சிமிட்டிவிட்டால் என்னாவது என்ற கவலை இதனால் தீர்கிறது. மருத்துவர் உருப்பெருக்கி வழியே பார்த்தபடி, விரல்நகத்தைவிடச் சிறிய கத்தியால் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கீறுகிறார். வில்லையைப் போர்த்தியுள்ள உறை தலைமுடியைவிட மெல்லியது. அதன் முன்பக்கத்தில் மட்டும் நுண்ணிய இடுக்கியால் வட்டமாக ஒரு திறப்பு செய்கிறார். பின்சுவர் கிழியக் கூடாது. புதிய வில்லை அமரவேண்டிய இருக்கை அந்த உறையே. உள்ளே உலவும் பல கருவிகளின் நுனிகள் மழுங்கலாகவும் உருண்டையாகவும் இருப்பது இதனால்தான்.

வில்லையை வெளியே எடுப்பது ஒரு குழல் ஊசி. இதை எழுதும்போது உள்ளம் பூரிக்கிறது. மவ்ஸிலில் பிறந்து, எகிப்தில் ஃபாத்திமி கலீஃபா அல்ஹாகிமின் காலத்தில் (996–1021) மருத்துவம் செய்த அம்மார் இப்னு அலீ என்ற கண் மருத்துவர், உலோகக் குழல் ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தம் நூலில் விவரித்துள்ளார். அதற்குமுன் பெருவழக்காக இருந்தது, ஊசியால் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவது. அதே காலத்தில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, அறுவைக் கருவிகள் சுமார் இருநூற்றின் படங்களைத் தம் நூலில் வரைந்துவைத்தார். பெருமையோடு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாரின் ஊசிக்கு இளகிய புரைதான் வசப்பட்டது. கெட்டிப்பட்ட வில்லை குழலில் ஏறாது. அந்தத் தடை நீங்கியது 1967இல். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரிடம் பற்காறை நீக்கும் அதிரும் கருவியைக் கண்டு, அதேபோல அதிரும் குழல் ஊசியைக் கண்ணுக்காக அமைத்தார். அது வினாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து வில்லையைக் கரைத்து, அதே குழல் வழியே உறிஞ்சிவிடுகிறது.

மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் மூட்டுவாதத்தால் கோணிப்போயிருந்தன. தம் கைக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்த நிலையில், அந்நிறுவனத்தினர் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, மதுரையிலேயே வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிக்கலாயினர்.

மிகவும் கெட்டியான புரைக்கு அதிரும் ஊசியைவிட, ஆறேழு மில்லிமீட்டர் கீறலில் வில்லையை எடுக்கும் முறையையே பல மருத்துவர்கள் தேர்கின்றனர். கீறல் சாய்வாகச் செல்வதால் பெரும்பாலும் தையலின்றித் தானே மூடிக்கொள்ளும். இதைக் கேட்டுச் சகோதரி, இன்னும் முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முற்றும்வரை பொறுக்கச் சொன்னது அந்தக் காலத்து முறைக்கு. இன்று அப்படிப் பொறுத்தால் சிகிச்சை கடினமாகிறது. அளவுமீறி முற்றிய புரை கண்ணழுத்தத்தைக் கூட்டி, பார்வையை நிரந்தரமாகப் பறிப்பதும் உண்டு. கிருமித் தொற்று போன்ற கேடுகள் அரிது. ஆனால் அறவே இல்லையென்று சொல்வது நேர்மையன்று. சர்க்கரை நோய் இருந்தால் அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கடப்பாக்கத்தாருக்கு ஒருபுறம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மறுபுறம் புதுச்சேரி. அரசு மருத்துவமனைகளில் வில்லை உட்பட இச்சிகிச்சை இலவசம்.

அம்மையார் வாய்விட்டுக் கேட்காத கவலை தொழுகையாகவும் இருக்கலாம். சிகிச்சைக்குப்பின் சில நாள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தலையைத் தாழக் குனியக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. எத்தனை நாள் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்நாட்களில் அமர்ந்து, சைகையால் ருகூஉவும் ஸஜ்தாவும் செய்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஒளுவின்போது கண்ணை எப்படிக் காப்பது என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் முன்கூட்டியே விளக்கம் பெற்று, மாமியாரிடம் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.