ஒரு குலை கனம்



எருமை வண்டி ஓடிய செம்பனைக் காடுகள் பலவற்றில் இன்று சிறிய மூன்று சக்கர வண்டி ஓடுகிறது. அதன் பின்னால் டிரெய்லர் ஒன்றையும் மாட்டிக் குலை ஏற்றுகிறோம். வேலை சுலபம்தான். ஆனால், இறக்கத்தில் பாரம் தள்ளினால் எருமை காலூன்றித் தாங்கும். லேசான வண்டிக்கு அது முடியாது. பிரேக் இல்லாத டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டே போகும்.

பாரம் ஏற்றும் முறையில் இருக்கிறது பாதிப் பாதுகாப்பு. பின்புறம் கனத்தால் டிரெய்லர் வாலாட்டும்; கொக்கி மேலே எழும்பும்; வண்டியின் பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். முன்புறம் அளவுக்கு மீறிக் கனத்தால் வண்டியின் முன் சக்கரம் தூக்கும், திருப்பினாலும் திரும்பாது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கினால் போதும். டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 200 கிலோ என்றால் 20 கிலோ. அதாவது, ஒரு நல்ல குலையின் கனம்! கொக்கியைக் கழற்றிக் கையால் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொக்கியோடு சங்கிலியும் போடுங்கள். மேட்டின் உச்சியிலேயே கியரைக் குறையுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணியுங்கள். மூன்று சக்கரம் கவிழ நேரமாகாது.

கடைசியாக ஒன்று. காலி டிரெய்லர் திரும்பும்போது பிள்ளைகள் ஓடி வந்து பின் ஓரத்தில் தொற்றிக்கொள்வார்கள். கொக்கியைத் தூக்கிவிடும் இடமே அதுதான். அழுதாலும் இறக்கிவிடுங்கள். லயத்துக்கு நடந்தே வரட்டும். முழுதாய் வந்து சேரட்டும்.